ஊமைக்கோட்டான் விழித்த பகல்

ஊருக்கெல்லாம் பூட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவள் வீட்டாருக்கு ஒரு சாவி வைக்காமல் போய்விட்டாளே என்று கூட வேலை பார்க்கும் மொட்டை தம்பியிடம் சொன்னான். அக்கா இறந்து இரண்டு வாரம்கூட ஆகாத சமயம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். தம்பிக்குக் கோபம் வரவில்லை. அவன் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஒரு பல் மருத்துவரின் அறைக்கு நேர் மேலே, கணினி வைரஸ்களைப் பிடித்து வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கிற சின்ன ஆய்வகம். அக்கா அங்கே முதலில் சேர்ந்தாள். பிறகு வந்த தம்பி வாய்க்கு வாய் "அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டு எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை ஆய்வாளருக்கும் அவள் அக்காதான். அந்த முறையில் அவன் எல்லாருக்கும் தம்பி. தலைமை ஆய்வாளருக்கு டீச்சர் என்று பெயர். யார் அறிக்கை எழுதிக் கொடுத்தாலும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தருவார். மொட்டைக்குத் தலை நிறைய முடி உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று மொட்டையடித்திருந்தான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா எதையும் நம்பாதவள். படம் எடுக்க விடமாட்டாள். வீட்டில் எல்லாருடைய போனையும் வாங்கி, வருகிற செய்தியெல்லாம் ஒரு நாளில் தானாக அழிந்துபோகும்படி செய்து வைத்திருந்தாள். "என் போனை நானே கேட்டுட்டுத்தான் திறக்கணும் போலிருக்கு" என்று அம்மா முணுமுணுப்பாள். "அப்படித்தாம்மா இருக்கணும்" என்பாள் அக்கா.

ஒரு மாலை தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண் திறக்கவேயில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவளுடையது என்று எதுவுமே திறக்காது என்பது. மடிக்கணினி திறக்கவில்லை. போனை அம்மா மடியில் வைத்துக்கொண்டு தனக்குத் தோன்றிய எண்ணையெல்லாம் சொன்னாள். தம்பி அழுத்திக்கொண்டே போனான். தப்பு அளவு மீறினால் அது உள்ளே இருப்பதையெல்லாம் தானே அழித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு தரம் அழுத்தினான். திரை ஒரு முறை இருண்டு, கடையில் வாங்கின புதுப் போன் மாதிரி வணக்கம் சொன்னது. அம்மா அதை இன்னமும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நடுநடுவே எடுத்துக் காதருகே வைத்து உலுக்கிப் பார்ப்பாள்.

மிஞ்சியது அலுவலக அட்டையில் இருந்த படம். பெரிதாக்கி மாட்டியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறி, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவள் போல் இருந்தாள்.

"ஒரு குரல்கூட விட்டு வைக்காமப் போயிட்டாளேடா, பாவி" என்பாள் அம்மா.

வீட்டுக் கதவுக்கு ஒரு உள்தாழ்ப்பாள் உண்டு. அக்கா நேரம் கெட்ட நேரத்தில் வருகிறவள் என்பதால் அதைப் போடுகிற வழக்கமில்லை. வெளியிலிருந்து சாவியால் திறந்துகொண்டு வந்துவிடுவாள். அவள் போன பிறகும் அம்மா அதைப் போடவில்லை. தம்பிக்குப் பார்க்கிற தொழில் அப்படி, தாழ் போடாத கதவு கண்ணை உறுத்தும். அம்மா தூங்கிய பிறகு எழுந்து போடுவான். விடிவதற்குள் எழுந்து எடுத்துவிடுவான்.

அவன் அம்மாவிடம் மறைத்தது அது மட்டுமில்லை. அக்காவின் குரல் ஓரிடத்தில் இருந்தது.

ஆய்வகத்தின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. பிடித்து வருகிற வைரஸை அங்கேதான் அடைப்பார்கள். கைதாகிப் போகிற இடம் என்பதால் அதற்கு மாமியார் வீடு என்று பெயர். வைரஸ் எதிலாவது தொற்றிக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் உண்டு, அக்கா போட்டது: உள்ளே போன எந்தப் பொருளும் வெளியே வராது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் வரலாம். ஒரு முறை அக்காவே, அம்மா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரத்தோடு மறந்துபோய் உள்ளே நுழைந்துவிட்டாள். போனோடு பேசுகிற நவீனக் கடிகாரம். நினைவு வந்ததும் கழற்றி அங்கேயே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். "காசோட அருமை தெரிஞ்சாத்தானே! எங்கே தொலைச்சே?" என்று வீட்டில் அம்மா பிடிபிடியென்று பிடித்தாள். அக்கா வாயைத் திறக்கவில்லை.

அந்த அறையில் ஒரு மடிக்கணினி. இந்தக் காலத்து வைரஸ்கள் லேசுப்பட்டவை அல்ல. நுழைந்த இடத்தில் நிஜமாகவே ஆள் குடியிருக்கிறதா, இல்லை போலீஸ் வைத்த பொறியா என்று நோட்டம் விடும். வீடு காலியாகத் தெரிந்தால் செத்த பிணமாகக் கிடக்கும். அதனால் அக்கா ஒரு ஆளைக் கற்பனை செய்தாள். வீட்டில் தையல் வேலை செய்கிற ஐம்பத்தைந்து வயதுப் பெண். வாடிக்கையாளர்களின் தோள் அளவு, இடுப்பு அளவு, "கை கொஞ்சம் நீளமாக" என்ற குறிப்புகள் எல்லாம் அக்காவே உட்கார்ந்து தட்டினாள். மாமியார் வீட்டில் இருப்பவள் ஆயிற்றே, அவளுக்கும் அந்தக் கணினிக்கும் அத்தை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எங்கிருந்தோ எடுத்த படங்களும் யாருடையவோ குரல்களும் வைரஸ்களை ஏமாற்றவில்லை. பொய்யை எவ்வளவு நாள்தான் ஜோடிப்பது? ஒரு நாள் அக்கா சலித்துப்போய்த் தன்னிடம் இருந்ததையே தூக்கி வைத்துவிட்டாள். யாருக்கும் காட்டாத படங்கள், அம்மாவுக்கு அனுப்பிய குரல் செய்திகள், எல்லாம்.

"நான் பண்ற ஒரே சோம்பேறித்தனம் இதுதான்" என்றாள் தம்பியிடம். "டீச்சர்கிட்ட மூச்சு விடாதே. அங்கேயிருந்துதான் எதுவும் வெளியே வராதே, அதைவிடப் பத்திரமான இடம் ஏது?"

சொன்னது போலவே ஆயிற்று. தம்பி பல நாள் மாலையில் அந்த அறைக்குள் போய் அத்தையின் முன் உட்காருவான். அந்தக் கோப்புகளின் பெயர்களைப் பார்ப்பான். ஒன்றையும் திறந்ததில்லை. திறந்து கேட்டுவிட்டால், கேட்டதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படி மறைப்பது?

இப்படி ஏழெட்டு மாதம் போனபோது ஊமைக்கோட்டான் வந்தது.

அந்தப் பெயரும் மொட்டை வைத்ததுதான். ஆஸ்பத்திரிகளாகப் பார்த்துப் புகுந்து, நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ். டயாலிசிஸ் யாருக்கு எப்போது என்பது தெரியாமல் நாற்காலிகளில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். ரத்தப் பிரிவு என்னவென்று கேட்டு நர்ஸுகள் வீடு வீடாகப் போன் செய்தார்கள். ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த அதன் பிரதியோ ஒன்றும் செய்யாமல் கிடந்தது. அது பூட்டுகிற அந்தக் கணத்தில் சாவி கணினியின் நினைவகத்தில் கொஞ்ச நேரம் கிடக்கும். வேலை முடிந்ததும் அதையும் அழித்துவிடும். அந்தச் சாவியை ஒரு தரம் பிடித்துவிட்டால், அது செய்யப்படும் விதம் தெரிந்துவிடும், மற்ற இடங்களின் சாவிகளையும் செய்துவிடலாம். பிடிக்க வேண்டுமானால் அது விழிக்க வேண்டும். விழிக்க வேண்டுமானால் குடியிருப்பு உள்ள வீடு வேண்டும்.

"அத்தைகிட்டத்தான் விடணும்" என்றார் டீச்சர்.

அத்தையின் பிரதி ஒன்றை அக்கா எடுத்து வைத்திருந்தாள், அதுவும் பூட்டிக் கிடந்தது. புதிதாக எடுக்கலாமென்றால் வழியில்லை. அந்த மடிக்கணினியின் துளைகளையெல்லாம் பசை ஊற்றி அடைத்திருந்தாள்; வைரஸ் உள்ளே போக ஒரு கம்பி, நினைவகத்தைப் படிக்க ஒரு கம்பி, அவ்வளவுதான் மிச்சம். ஒரு தரம் எரிந்தால் எரிந்ததுதான். அன்றைக்குத்தான் தம்பி டீச்சரிடம் உள்ளதைச் சொன்னான்.

டீச்சர், "வேற வழி இருந்தா சொல்லு, செய்வோம்" என்றார். வேறு வழி இல்லை.

மொட்டை அவனைத் தனியாக மாடிப்படிக்கு அழைத்துப் போனான். "ஒரு பழைய போனை உள்ளே கொண்டுபோய் வச்சு, குரலை மட்டும் பிடிச்சிட்டு வந்துடலாம்டா. நான் கண்டுக்கமாட்டேன். டீச்சரும் கண்டுக்கமாட்டாங்க."

"அக்கா கண்டுப்பா" என்றான் தம்பி.

ஊமைக்கோட்டானை அத்தையிடம் விட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து தையல் அளவுகளைத் திறந்து மூடினார்கள். ஒரு அசைவும் இல்லை. அக்காவின் படங்களை மட்டும் யாரும் திறக்கவில்லை. தம்பி திறக்க விடவில்லை என்பதைவிட, யாருக்கும் கை வரவில்லை. மறுநாளும் அதே கதை.

"நம்ம கையை அதுக்குத் தெரியுது" என்றார் டீச்சர். "எங்கே எது இருக்குன்னு தெரிஞ்ச கை. போன உடனே அமுக்குது. வீட்டில இருக்கிறவங்க அப்படியா? பாப்பாங்க, யோசிப்பாங்க, வேற எதையோ அமுக்குவாங்க, திரும்ப வருவாங்க."

"எங்க பெரியப்பா மாதிரி" என்றான் மொட்டை. "ஒரு படத்தைத் திறக்கக் கண்ணாடியைத் தேடி, கண்ணாடியைத் துடைச்சு, அதுக்குள்ள எதுக்கு உக்காந்தோம்னு மறந்து… நிஜமான அத்தையைத்தான் கூட்டிட்டு வரணும்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

யாரும் தம்பியின் பக்கம் திரும்பவில்லை. அவனாகத்தான் சொன்னான்: "எங்க அம்மா வருவாங்க."

"தெரிஞ்சுதான் பேசறியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கூட்டிட்டு வருவேன் டீச்சர்."

அவன் வீட்டுக்குப் போனபோது அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து அவனும் மடித்தான். ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மாவின் கை நின்றது.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"ஆரம்பத்திலேருந்தே."

"என்னைப் பைத்தியக்காரி மாதிரி அந்தச் செத்த போனை உலுக்கிட்டுக் கிடக்க விட்டுட்டு, நீ தினம் போய் அவ பக்கத்தில உக்காந்துட்டு வந்தியாடா?"

"கேக்கலைம்மா. ஒண்ணுகூடக் கேக்கலை."

அம்மா துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. துணிக்குள்ளிருந்தே கேட்டாள்: "நான் பாத்தா போயிடுமா?"

"நீ பாத்தாத்தான் போகும்."

"பாக்கலைன்னா?"

"இருக்கும். ஆனா அந்த ரூமுக்குள்ளயே இருக்கும். நீ வேணும்னா வந்து பாக்கலாம்னு டீச்சரைக் கேக்கறேன், இந்த விவகாரமெல்லாம் இல்லாம. அவங்க வேண்டாம்னு சொல்லமாட்டாங்க. நீ முடியாதுன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்மா."

"ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்க?"

அவன் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தான். அம்மா எழுந்து போனாள். தலை வாரிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அலமாரியைத் திறந்து, வெளியே போனால் மட்டும் உடுத்துகிற நல்ல துணியை எடுத்தாள். பெண்ணைப் பார்க்கப் போகிற தாய் எப்படிக் கிளம்புவாளோ அப்படிக் கிளம்பினாள்.

"கிளம்பு. நாளைன்னா எனக்கு மனசு மாறிடும்" என்றாள்.

மாமியார் வீட்டு வாசலில் போனையெல்லாம் பெட்டியில் போட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கண் ஆணியில் தொங்கிய கடிகாரத்தில் போய் நின்றது. அருகே போய், பட்டையை ஒரு தரம் தடவினாள்.

"தொலைச்சிட்டாள்னு என்ன பேச்சுப் பேசினேன்…" என்றாள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. குரலை வெளியே எடுத்துத் தர முடியுமா என்று கேட்க அவள் பேருந்தில் வரும்போதே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது தம்பிக்குத் தெரியும். அதையும் கேட்கவில்லை.

அவளை அத்தையின் முன் உட்கார வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரோரம் இன்னொரு திரையில் மொட்டை நினைவகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றார்.

அம்மாவுக்கு மவுஸ் வழிக்கு வரவில்லை. அம்புக்குறி எங்கேயோ ஓடிற்று. "இது ஏன்டா இப்படி வழுக்குது?" என்றாள். முதலில் ஒரு தையல் அளவைத் திறந்துவிட்டாள். "தோள் பதினாலு… யாரு இவங்க?" என்று முழுதாகப் படித்தாள். மூடத் தெரியாமல் தவித்தாள். தம்பியின் கை தன்னால் நீண்டது. டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அப்புறம் ஒரு படம் திறந்தது. நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் அம்மா.

"அடி கழுதை! இதையா எடுத்து வச்சிருக்கே!" என்று அம்மா சிரித்துவிட்டாள். அடுத்தது, கண்ணாடியில் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட அக்கா. பல் தேய்க்கிற பிரஷ் வாயில், ஒரு புருவம் மேலே. அம்மா திரையில் அந்தப் புருவத்தை விரலால் தொட்டாள். அடுத்ததற்குப் போனாள், திரும்பி இதற்கே வந்தாள், மறுபடி போனாள். எந்த ஆய்வாளனும் அப்படிப் பார்க்கமாட்டான். மூன்றாம் முறையும் அந்தப் புருவத்துக்கே வந்தபோது மொட்டை மெல்ல நிமிர்ந்தான்.

"முழிச்சிடுச்சு" என்றான் உதட்டசைவில்.

தம்பி அம்மாவின் தோளில் கை வைத்தான். அதற்கு அர்த்தம் என்னவென்று வரும்போதே சொல்லியிருந்தான். அம்மா திரும்பவில்லை. அவளுடைய கை வேகமாகவும் ஆகவில்லை. அவசரப்பட்டால் அது சந்தேகப்படும் என்றும் சொல்லியிருந்தான். ஆனால் அதற்காக நிதானமாக இருந்தாளா, அவளுடைய நிதானமே அதுதானா என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

குரல் செய்திகளில் ஒன்றைத் திறந்தாள்.

"அம்மா, மாத்திரை போட்டியா? போட்டேன்னு பொய் சொல்லாதே, டப்பாவை எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"போட்டுட்டேன்டி" என்றாள் அம்மா.

அடுத்தது. "அந்த நீலச் சட்டையைத் துவைக்காதே, சாயம் போகுது. அவன் சட்டையெல்லாம் நீலமாயிடும். ஆகட்டும், நல்லாத்தான் இருக்கும்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். அது தன் சிரிப்புத்தான் என்று தம்பிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரையில் படங்களின் சிறு சதுரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டு வந்தன. புருவம் போயிற்று. தூங்கும் அம்மா போனாள். அம்மாவின் கண்ணாடியில் அந்த வெள்ளை தெரிந்தது. அவள் இன்னும் ஒன்றைத் திறந்தாள்.

"அம்மா, வர நேரமாகும். நீ காத்துட்டு உக்காராதே, படு. உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டுடாதே, எங்கிட்ட…"

நின்றது. அம்மா மறுபடி அழுத்தினாள். மறுபடி. அழுத்திக்கொண்டேயிருந்தாள்.

"சாவி இருக்கு" என்றாள் கடைசியில், மெல்ல.

அதே நேரத்தில்தான் மொட்டை, "பிடிச்சிட்டேன்" என்றான். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அந்த வாரக் கடைசிக்குள் ஆஸ்பத்திரிகளுக்குச் சாவி போய்ச் சேர்ந்தது. பதிவேடுகள் திறந்தன. டீச்சர் அறிக்கையைத் தானே எழுதினார், யாரும் திருத்தவில்லை. அதில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி: "சோதனையின்போது கணினியை அதற்கு உரியவர் ஒருவர் பயன்படுத்தினார்."

சாவி கிடைத்தபின் அத்தையையும் திறந்து பார்த்தார்கள். தம்பிக்கு அதுவரை ஒரு நப்பாசை இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊமைக்கோட்டான் அவசரக்காரன். சின்னக் கோப்புகளை ஒழுங்காகப் பூட்டும். பெரியவற்றை அங்கங்கே மென்று துப்பிவிட்டுப் போய்விடும். அவற்றை எந்தச் சாவியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆஸ்பத்திரிகளிலும் ஸ்கேன் படங்கள் போனது போனதுதான். அத்தையிடம் தையல் அளவுகள் அத்தனையும் பழுதில்லாமல் திரும்பி வந்தன. தோள் பதினாலு. கை கொஞ்சம் நீளமாக. இல்லாத மனுஷியின் வாழ்க்கை ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. இருந்தவளுடையது ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை அதைச் சொல்வதற்காக வீட்டுக்குச் சீக்கிரமே போனான். சாவியைப் போட்டுத் திருப்பினான். கதவு திறக்கவில்லை. மறுபடி திருப்பித் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினான். அம்மா வந்து திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொல்ல வந்ததைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இனிமே நீ ராத்திரி பூனை மாதிரி எழுந்து வந்து போட வேண்டாம்" என்றாள். "எனக்குச் சத்தம் கேக்காதுன்னு நினைச்சியா? தினம் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன். நானே போட்டுக்கறேன்."

அவன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அவள் கைக்குப் பழகாத தாழ்ப்பாள், லேசில் நகரவில்லை. அவன் உதவப் போனான். வேண்டாம் என்று இரண்டு கையாலும் தள்ளிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடியே நின்றாள்.